புனிற்றுக் காலத் துணை: தாய்ப்பாலும் மகப்பேற்று மருத்துவமனையும்

1. முன்னுரை

குழவிக்குப் பாலூட்டுதல் தாய்க்கு இயல்பாய் அமைந்த செயல் என்பதும், இயல்பாய் அமைந்த ஒன்றற்குக் கற்பிப்பாரும் துணை நிற்பாரும் வேண்டா என்பதும் பலர் கொண்டுள்ள கருத்துகளாகும். 'முன்னைத் தாயர்க்கு இதனை யார் கற்பித்தனர்?' என வினவுவாரும் உளர். இக்கால மகப்பேற்று மருத்துவமனைகளில் பாலூட்டற்குத் துணை புரியவும் அறிவுரை கூறவும் பயிற்சி பெற்றோர் அமர்த்தப்படுதலைக் காணும் இவர்கள், அதனை முன்னில்லாத புதுமையென்றே கருதுவர். இக் கருத்து நம் இலக்கியங்கள் தரும் சான்றுகளோடும், கடந்த இரு நூற்றாண்டுகளின் மருத்துவ வரலாற்றோடும் பொருந்துவதன்று. பாலூட்டும் தாய் என்றும் தனித்து நின்றவளல்லள். அவளைச் சூழ்ந்து ஒரு துணை எக்காலத்தும் இருந்தது. அத் துணை இடையில் அறுபட்டது. அறுபட்டதைத் தொடுக்கும் முயற்சியே இன்று நாம் காண்பது. இதனை நிறுவுதலே இக் கட்டுரையின் நோக்கம்.

2. 'புனிறு' என்னும் சொல்

ஈன்றணிமைக் காலத்தைக் குறிக்கத் தமிழில் 'புனிறு' என்று ஒரு தனிச்சொல் உண்டு. தொல்காப்பியர் உரியியலில் இச் சொல்லை எடுத்தோதி, ஈன்றணிமை என அதற்குப் பொருள் வகுத்துள்ளார். அண்மையில் கன்று ஈன்ற ஆவினைப் புனிற்றா என்றனர் முன்னோர். ஒரு மொழியில் ஒரு காலப் பகுதிக்குத் தனிச்சொல் அமைந்திருப்பின், அம் மொழி பேசுவோர் அக் காலத்தை வேறு பிரித்து உணர்ந்து, அதற்கென நடைமுறைகளையும் வகுத்திருந்தனர் எனக் கொள்ளுதல் தவறாகாது.

அந் நடைமுறைகள் எத்தகையன என்பதை நற்றிணையின் 40-ஆம் பாட்டு காட்டுகிறது. மகப்பேறு நிகழ்ந்த மனையில் மணியொலி கேட்கிறது. மணல் பரப்பிய பந்தரில் காவல் இருக்கிறது. ஒரு பக்கத்தே மகளிர் நற்சொல் கேட்டு நிற்கின்றனர். மெல்லிய துணி விரித்த அணையில் புதல்வன் செவிலியோடு உறங்குகிறான். செவிலியின் மேனியிலும் புனிற்று மணம் கமழ்கிறது. வெண்சிறுகடுகு அப்பி, நெய்யாடி, மெலிந்த உடலோடு தாய் கண்ணயர்ந்திருக்கிறாள். நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல வந்து சேர்கிறான். புலவரின் கருத்து தலைவனின் வருகையைப் பற்றியதே. எனினும், அதனைச் சொல்லப் புகுந்தவர் தம்மையறியாமல் நமக்கு ஓர் ஈற்றறையின் முழு ஓவியத்தையும் வைத்துச் சென்றிருக்கிறார். அவ் வோவியத்தில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது. குழந்தையும் செவிலியும் தாய் இருக்கும் மனையிலேயே இருக்கின்றனர். புறத்தார் வரவு காவலால் தடுக்கப்படுகிறது.

நற்றிணை 380-ஆம் பாட்டோ தாயின் பக்கம் நின்று பேசுகிறது. பாணனுக்கு வாயில் மறுக்கும் அப் பாட்டில், தலைவியின் ஆடை நெய்யும் தாளிப்பும் பட்டு மாசுற்றது என்றும், பால் பிலிற்றும் மார்போடு மகனைத் தழுவுதலால் அவள் தோள் புனிறு நாறுகிறது என்றும் கூறப்படுகின்றன. இது குறை கூறுதல் போலத் தோன்றினும், உண்மையில் பெருமிதமே. கணவனுக்காக அணி செய்துகொள்ளும் காலம் இதுவன்று. இது மகனுக்குரிய காலம் என்பதே அதன் குறிப்பு.

3. பால் சுரவாத தாய்

இலக்கியம் இன்பமான ஈற்றறையை மட்டும் பாடவில்லை. பால் இன்மையையும் பாடியுள்ளது. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனாரும் (புறம் 160) பெருந்தலைச்சாத்தனாரும் (புறம் 164) தம் வறுமையை உணர்த்த எடுத்துக்கொண்ட காட்சி ஒன்றே. பாலற்ற மார்பைக் குழந்தை சுவைக்கிறது. சுவைத்தும் பெறாமல் அழுகிறது. பெருந்தலைச்சாத்தனார் பாட்டில் அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. தாய் குழந்தையின் முகத்தை நோக்குகிறாள். அவள் கண்ணில் நீர் நிறைகிறது. அவளது துயரை நோக்கிய புலவர் வள்ளலை நாடிப் புறப்படுகிறார். குழந்தையின் பசி தாயின் கண்ணீராகி, தாயின் கண்ணீர் கணவனின் பயணமாகிறது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் இன்னும் ஒரு படி சென்று, பாலற்ற தன் மடியைக் கண் திறவாத குட்டி பற்றுதலைப் பொறாமல் குரைக்கும் ஈன்ற நாயை வறியோர் அடுக்களையில் காட்டுகிறார்.

இவற்றால் பெறப்படுவது யாது? தாய்ப்பால் சுரத்தல் தாயின் உடலை மட்டும் பொறுத்ததன்று. அவளது உணவையும் மனநிலையையும் இல்லத்தின் நிலையையும் பொறுத்தது என்பதைச் சங்கப் புலவர் உணர்ந்திருந்தனர். ஔவையார் பாடிய புறம் 295-ஆம் பாட்டு இதன் மறுதலையைக் காட்டும். போரில் வீழ்ந்த மகனைக் கண்ட முதியவளின் வற்றிய மார்பு மீண்டும் சுரந்தது என்பது உயர்வு நவிற்சியே. ஆயினும் அவ் வுயர்வு நவிற்சிக்கு அடியில் ஓர் உண்மை உண்டு. குழந்தையைக் காணுதலும் அதன் குரலைக் கேட்டலும் பாலை வெளிப்படச் செய்வன. அச்சமும் கவலையும் நோவும் அதனைத் தடுப்பன. குழந்தை சுவைத்தலால் எழும் புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது என்றும், ஆக்சிடோசின் உண்டான பாலை வெளிப்படுத்துகிறது என்றும், மனக்கலக்கம் பின்னதைத் தடைப்படுத்தும் என்றும் இன்றைய உடலியல் விளக்குகிறது. தாயின் மனம் அமைதியுறச் செய்தலும் பாலூட்டல் துணையே என்பது இதனால் தெளிவாகும்.

4. முன்னையோர் முறையின் குறைகள்

முன்னை வாழ்வு முழுதும் குறையற்றது என்று சொல்வது ஆராய்ச்சியாகாது. நற்றிணை காட்டும் மனை செல்வர் மனை. காவலும் பந்தரும் செவிலியும் எல்லார்க்கும் வாய்த்தன அல்ல. நிகண்டு நூலார் ஐவகைத் தாயருள் முலைத்தாயையும் ஒருத்தியாக எண்ணினர். அவள் பிறர் குழந்தைக்குப் பாலூட்டிய பொழுது அவள் ஈன்ற குழந்தை எதனை உண்டது என்பதை எந் நிகண்டும் சொல்லவில்லை.

தாய்ப்பால் அல்லாத பாலைப் புகட்டுதலில் உள்ள இடரையும் நம் காப்பியங்கள் அறிந்திருந்தன. சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையில், மாற்றாள் குழந்தைக்கு மாலதி பாலூட்ட, பால் விக்கிக் குழந்தை இறந்துபடுகிறது. பழிக்கு அஞ்சிய அவள் கோயில் கோயிலாக அலைகிறாள். மணிமேகலையில் ஈன்றவளால் விடப்பட்ட குழந்தையை ஆ ஒன்று ஏழு நாள் பால் சொரிந்து காக்க, அக் குழந்தை ஆபுத்திரன் என்னும் பெயர் பெறுகிறது. முன்னது நிகழக்கூடிய துன்பம். பின்னது நிகழ்ந்த அற்புதம். வேற்றுப் பாலால் குழந்தை பிழைத்தல் அற்புதமாகவே எண்ணப்பட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

சீம்பாலை ஊட்டாமல் பீய்ச்சி எறிதலும், பிறந்தவுடன் சேனை தொட்டு வைத்தலும், சர்க்கரை நீரோ தேனோ புகட்டுதலும் நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய வழக்கங்கள். மஞ்சள் நிறமாய், அளவிற் சிறிதாய்ச் சுரக்கும் முதற்பாலைக் கெட்ட பால் என்று மக்கள் நம்பினர். நோயைத் தடுக்கும் ஆற்றல் செறிந்த பால் அதுவே என்பதும், முதல் நாளில் குழந்தையின் இரைப்பை கொள்ளத்தக்க அளவு மிகச் சிறிதே என்பதும் பின்னரே விளங்கின. எனவே, பாட்டியும் மருத்துவச்சியும் தந்த துணையில் பாலூறப் பூண்டும் பால்சுறாவும் சமைத்துக் கொடுத்த அன்பு இருந்தது. சீம்பாலைக் கொட்டிய அறியாமையும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளுதலே நேர்மையாகும்.

5. மருத்துவமனையும் பிரிவும்

சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844-இல் தோன்றியது. அதுவே பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. 1885-இல், பிற ஆடவர் முன் வராத மகளிர்க்கென மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் விக்டோரியா மருத்துவமனை எழுந்தது. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையார் சென்னை அரசு மகப்பேற்று மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் (House Surgeon) பணியாற்றிய முதற் பெண்மணியாவார். இம் மனைகளும் இவர்களும் காத்த உயிர்கள் பல. ஈற்றுக் காய்ச்சலாலும் குருதிப்போக்காலும் மாண்டுபோயிருக்கக் கூடிய தாயர் பிழைத்தெழுந்தனர். மருத்துவமனையைக் குறை கூறப் புகுவோர் இதனை முதற்கண் நினைத்தல் வேண்டும்.

ஆனால், மேலை நாடுகளில் மகப்பேறு மருத்துவமனைக்குள் புகுந்தபோது, தொற்று நோய்க்கு அஞ்சிக் குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அறையில் வரிசையாகக் கிடத்தப்பட்டன. கடிகாரத்தை நோக்கி நான்கு மணிக்கு ஒரு முறை பாலூட்டுக என்னும் விதி எழுந்தது. நியூசிலாந்தில் 1907-இல் டுரூபி கிங் தொடங்கிய இயக்கம் இந் நேர ஒழுங்கை உலகெங்கும் பரப்பியது. தாய்ப்பாலைப் போற்றியவரே அவர். எனினும், குழந்தை வேண்டும் பொழுது சுவைத்தலே பாலை மிகுவிக்கும் என்னும் இயற்கை நெறிக்கு அவ் வொழுங்கு மாறாயிற்று.

இதே காலத்தில் வாணிகமும் உள்ளே நுழைந்தது. செருமானிய வேதியலறிஞர் லீபிக் 1860-களில் தாய்ப்பாலுக்கு ஈடாக ஓர் உணவை வகுத்தார். 1867-இல் சுவிட்சர்லாந்தில் என்றி நெசுலே பால்மாவினை உண்டாக்கினார். தாயை இழந்த குழந்தைகட்கு இவை உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் அருமருந்தாக வந்தது நாள் செல்லச் செல்ல அன்றாட உணவாயிற்று. தாயிடமிருந்து பிரிந்து கிடந்த குழந்தைக்கு இரவில் புட்டிப்பால் புகட்டப்பட்டது. வயிறு நிறைந்த குழந்தை மறுநாள் தாயிடம் சுவைக்கவில்லை. சுவைக்காமையால் பால் சுரக்கவில்லை. 'உனக்குப் பால் இல்லை' என்று தாய்க்குச் சொல்லப்பட்டது. குறையை உண்டாக்கிய முறையே அக் குறைக்கு மருந்தையும் விற்றது.

தூய நீரும் எரிபொருளும் அருகிய நாடுகளில் இதன் விளைவு கொடிதாயிற்று. வறியோர் பால்மாவினை நீர் மிகுத்துக் கரைத்தனர். புட்டியைக் கொதிக்க வைக்க இயலவில்லை. வயிற்றுப்போக்கும் மெலிவும் குழந்தைகளைக் கொன்றன. பொற்கடற்கரை நாட்டில் 'குவாசியார்க்கர்' என்னும் ஊட்டக் குறை நோயை மருத்துவ உலகிற்கு அறிவித்த சிசிலி வில்லியம்சு அம்மையார், 1939-இல் சிங்கப்பூரில் நிகழ்த்திய உரைக்கு 'பாலும் கொலையும்' எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். தமிழரும் பெருந்தொகையினராய் வாழ்ந்த அந் நகரில் கூறப்பட்ட அவ் வெச்சரிக்கை செவிகளிற் சேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

6. பாகியோ நகர் காட்டிய வழி

மீட்சியும் மருத்துவமனைக்குள்ளிருந்தே வந்தது. பிலிப்பைன்சு நாட்டின் பாகியோ அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவத் தலைவராக இருந்த நத்திவிதாத் கிளவானோ அம்மையார், 1970-களின் இடையில் தம் துறையின் முறையையே மாற்றினார். பால்மா நிறுவனங்களின் ஆட்கள் உள்ளே வருதலைத் தடுத்தார். அவர்கள் தந்த வண்ணப் படங்களைச் சுவர்களிலிருந்து நீக்கினார். பிறந்த குழந்தைக்குப் புட்டிப்பால் தரும் வழக்கத்தை நிறுத்தினார். குழந்தைகளைத் தனியறையிலிருந்து எடுத்துத் தாயரின் பக்கத்தில் கிடத்தினார். 1973 முதல் 1977 வரை அம் மனையில் பிறந்த ஏறத்தாழ 10,000 குழந்தைகளின் பதிவுகளை அவர் ஒப்பிட்டு நோக்கியபோது, மாற்றத்திற்குப் பின் நோயும் சாவும் பெரிதும் குறைந்திருந்தமை புலனாயிற்று. அவர் புதிய மருந்து எதனையும் கண்டுபிடிக்கவில்லை. நற்றிணையின் ஈற்றறையில் இருந்த அண்மையையும் காவலையும் மருத்துவமனைக்குள் மீண்டும் அமைத்தார்; அவ்வளவே.

கொலம்பியாவின் பொகொதா நகரில் 1978-இல் எட்கர் ரே சனாபிரியா என்னும் மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைத்துக் காக்கும் முறையைத் தொடங்கினார். மும்பையின் சயான் மருத்துவமனையில் அர்மிடா பெர்னாண்டசு அம்மையார் 1989-இல் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். பழைய முலைத்தாயின் கடமையை, அவள் குழந்தை பட்டினி கிடவாதபடி, இவ் வங்கி ஏற்றது எனலாம்.

7. சட்டமும் சான்றும்

1981 மே திங்களில் உலக நலவாழ்வுப் பேரவை, தாய்ப்பால் மாற்றுணவுகளை விளம்பரம் செய்தலைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் இசைந்தன. அமெரிக்க ஐக்கிய நாடு ஒன்றே எதிர்த்து வாக்களித்தது. மூன்று நாடுகள் விலகி நின்றன. 1989-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் இணைந்து, மகப்பேற்று மனைகள் கைக்கொள்ள வேண்டிய பத்துப் படிகளை வெளியிட்டன. அவற்றின் அடிப்படையில் 1991-இல் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2018-இல் அப் படிகள் திருத்தி அமைக்கப்பட்டன. பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் உடலோடு சேர்த்தல், தாயும் சேயும் ஒரே அறையில் இருத்தல், வேண்டும் பொழுதெல்லாம் ஊட்டல், மருத்துவக் காரணமின்றி வேறு உணவு தாராமை, ஊட்டும் முறையில் இடர்ப்படும் தாய்க்கு உடனிருந்து உதவுதல், மனை நீங்கிய பின்னும் துணை தொடர்தல் என்பன அவற்றின் சாரம். இந்தியாவில் 1992-இல் இயற்றப்பட்டு 2003-இல் திருத்தப்பட்ட சட்டம், பால்மா விளம்பரத்தையும் மாதிரிப் பொட்டலங்கள் வழங்குதலையும் தடை செய்தது.

இத்தகைய துணையால் பயன் உண்டா என்பது பெலாரசு நாட்டில் முறைப்படி ஆராயப்பட்டது. 31 மருத்துவமனைகளைச் சார்ந்த 17,046 தாய்–சேய் இணைகளைக் கொண்டு நிகழ்ந்த அவ் வாய்வின் முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. துணை பெற்ற மனைகளில் மூன்றாம் திங்களில் தாய்ப்பால் ஒன்றையே உண்ட குழந்தைகள் நூற்றுக்கு 43.3, பிற மனைகளில் 6.4. முதலாண்டில் வயிற்று நோயுற்ற குழந்தைகள் முறையே 9.1, 13.2. 'இயல்பானதற்குத் துணை ஏன்?' என்னும் வினாவிற்கு இவ் வெண்களே விடையாகும். தாயர் இரு சாராரும் ஒத்தவரே. வேறுபட்டது அவர்கட்குக் கிடைத்த துணையே.

8. தமிழகத்தின் நிலை

இனி, நம் நாட்டு நிலையை நோக்குவோம். 2019–21-இல் நிகழ்ந்த ஐந்தாம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99.6 மகப்பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. இந்திய நாட்டளவில் அது 88.6. இது பெருமை கொள்ளத்தக்க செய்தி. பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் தமிழகத்தில் 60.2, நாட்டளவில் 41.8. இதிலும் நாம் முந்தியே நிற்கின்றோம். ஆனால், ஆறு திங்கள் நிரம்பாத குழந்தைகளுள் தாய்ப்பால் ஒன்றையே உண்டவை நாட்டளவில் 63.7, தமிழகத்தில் 55.1 மட்டுமே.

இவ் வெண்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். நாம் தொடக்கத்தில் முந்துகிறோம், தொடர்ச்சியில் பிந்துகிறோம். ஈற்றறை மருத்துவமனைக்கு முற்றிலும் இடம் மாறிவிட்டது. ஈற்றறையைச் சூழ்ந்திருந்த துணை அவ்வளவிற்கு இடம் மாறவில்லை. அறுவையால் பிறந்த குழந்தைகள் தமிழகத்தில் 44.9 என்று அதே கணக்கெடுப்பு கூறுகிறது. அறுவையின் நோவோடு கிடக்கும் தாய் தானே எழுந்து குழந்தையை எடுத்து அணைக்க இயலாதவள். அவளுக்குப் பிறர் கை வேண்டும். கூட்டுக் குடும்பம் சுருங்கிய இந் நாளில், மனை திரும்பிய பின் நாள்தோறும் வந்து பார்ப்பாரும் அருகினர். பணிக்குத் திரும்ப வேண்டிய தாயின் இடர்ப்பாடு வேறு. 2015-இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டமை இத் திசையில் நல்ல ஒரு படியாகும். ஆயினும் பேருந்து நிலையம் வரை செல்லும் தாய் முதற் சில நாள்களின் இடரைக் கடந்தவள். இடர்ப்பாடு மிகுந்த இடம் மருத்துவமனைக் கட்டிலும் அதன்பின் வரும் முதற் சில வாரங்களுமே.

ஒன்று ஈண்டு வற்புறுத்தத்தக்கது. எல்லா முயற்சிக்குப் பின்னும் பாலூட்ட இயலாத தாயர் சிலர் உளர். நோயாலும் மருந்தாலும் ஊட்டலாகாதவரும் உளர். அவர்களைப் பழித்தல் துணையாகாது. புறநானூற்றுப் புலவர் பாலற்ற மனைவியைக் குறை கூறவில்லை. அவள் துயரைக் கண்டு எழுந்து நடந்தார். அப் பண்பே துணை புரிவார்க்கு வேண்டுவது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால், பாலூட்டும் தாய்க்குத் துணை வேண்டும் என்னும் உணர்வு தமிழர்க்குத் தொன்மையானது என்பதும், அவ் வுணர்வில் அன்போடு அறியாமையும் கலந்திருந்தது என்பதும், மேலை நாட்டு மருத்துவமனை முறை அறிவைக் கொண்டுவந்த அதே பொழுதில் தாயையும் சேயையும் பிரித்தது என்பதும், அறிவையும் அண்மையையும் இணைத்தலே இன்றைய முயற்சி என்பதும் பெறப்பட்டன.

மருத்துவமனையில் பணிபுரியும் மகளிர்க்கு இக்காலத் தமிழ் 'செவிலியர்' என்று பெயர் சூட்டியுள்ளது. சங்க இலக்கியத்தில் தாய்க்கு நிகராக நின்ற ஒருத்தியின் பெயர் அது. ஒருவர்க்கு ஐந்தாறு கட்டில்களை மட்டும் ஒப்படைத்து, இருந்து பேசவும் அணைக்கக் கற்பிக்கவும் பொழுது தந்தால், அவர் அப் பெயர்க்கு உரியவராவார். ஐம்பது கட்டில்களை ஒப்படைத்து ஓடவிட்டால், பெயர் மட்டுமே எஞ்சும். சொல்லை மீட்டது மொழியறிஞர் தொண்டு. சொல்லோடு ஒட்டியிருந்த பொருளை மீட்பது அரசும் மருத்துவமனையும் குடும்பமும் ஒருங்கு நின்று ஆற்ற வேண்டிய கடமையாகும்.